மணத்தால் வந்த உறவு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் பூனை வளராத வரிசையே இல்லை எனலாம். பள்ளியினின்று திரும்பும் பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கியதும் பூனையைத் தூக்கி அதன் உச்சியை முகர்கின்றனர். கேட்டால், வெயிலில் காய்ந்த துணியின் வாசம் என்பாள் ஒரு சிறுமி. அரிசிச் சாக்கின் வாசம் என்பான் அவள் தம்பி. பெரியவர்களாகிய நாமும் பிறர் காணாதபோது அதையேதான் செய்கிறோம்!

நம் பூனையின் மணம் நமக்குத் தனியே தெரியும் என்று நாம் நம்புகிறோம். இதனைப் பெல்பாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். நாய் வளர்ப்போரில் மிகப் பெரும்பாலோர் தம் நாய் படுத்த கம்பளியை முகர்ந்தே அடையாளம் கண்டனர் என்பது 2000-ஆம் ஆண்டின் முடிவு. 2002-இல் வெளியான ஆய்விலோ, பூனை வளர்ப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகக் கூறினர். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்.

ஆயின் அந்த உறவு பொய்யா? அன்று. நம் மூக்குத் தோற்கும் இடத்தில் பூனையின் மூக்கு வெல்கிறது. அதன் கன்னத்திலும், மோவாயிலும், நெற்றியிலும், வாலின் அடியிலும், பாதங்களிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. நம் காலில் அது உரசுவது பாலுக்காக மட்டுமன்று. தன் மணத்தை நம்மீது பூசி, "இவர் நம்மவர்" என்று முத்திரை இடுகிறது. கதவு நிலையும், நாற்காலிக் காலும், குடைக் கம்பும் அவ்வாறே முத்திரை பெறுகின்றன. தோக்கியோ வேளாண் பல்கலைக்கழகத்தார் 30 பூனைகளிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரின் மணத்தைக் காட்டிலும் அயலார் மணத்தையே பூனைகள் நெடுநேரம் முகர்ந்தன. அறிந்த மணத்தை ஆராய வேண்டுவதில்லை அன்றோ?

இதனை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று நாக்பூர், நாளை பூசாவல் என்பது நம் வாழ்வு. மாற்றல் உத்தரவு வந்ததும் அம்மியையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றுகிறோம். பூனையை மட்டும் பூட்டிய வாயிலில் விட்டுச் செல்கிறோம். "நாய் ஆளைச் சேரும், பூனை வீட்டைச் சேரும்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். பூனைக்கு வீடு என்பது சுவர் மட்டுமன்று. தன் மணமும் நம் மணமும் கலந்து கிடக்கும் இடமே அதன் வீடு. அம்மணத்தை மூட்டை கட்டி எடுத்துச் செல்ல இயலும்.

அதற்கு வழி எளியது. பூனை படுத்த பழம்புடவையைத் துவைக்காமல் கூடையில் விரித்து, அதன்மேல் பூனையை அமர்த்திக் கொண்டுசெல்க. புதிய குவார்ட்டர்ஸில் சில நாள் ஓர் அறையில் மட்டும் வைத்து, அத்துணியையும், தண்ணீரையும், மண் தட்டையும் அங்கேயே வைத்திடுக. அந்த அறையைப் பினாயில் இட்டுக் கழுவற்க. அது பூனைக்கு நஞ்சு. மூலைகளில் அது கன்னத்தை உரசத் தொடங்கினால் இடம் பழகி வருகிறது என்று கொள்க. அதன்பின் மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுக. வெளியே விடுவதற்கு மேலும் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

அன்பர்களே! மொழி தெரியாத இவ்வூரில் நாம் வந்திறங்கிய நாளில், பெருங்காயம் தாளிக்கும் மணம் வந்த வீட்டைக் கண்டு, "இது நம்மவர் வீடு" என்று துணிந்து கதவைத் தட்டினோம். மணத்தால் உறவறியும் அவ்வுயிரின் தவிப்பை நம்மினும் அறிந்தவர் யார்? அடுத்த மாற்றலின்போது நம் மூட்டைகளுக்கிடையே ஒரு கூடைக்கும் இடம் ஒதுக்குவோமாக!