கவிழ்ந்த பிறகு அந்தப் படகு என்ன செய்யும்?
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க துறை சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா போரடிக்காம இருக்கணும்" என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். என் துறை கப்பல் வடிவமைப்பு. சரக்குக் கப்பலின் எஃகுத் தகட்டுக் கணக்கைப் பேசினால் சாப்பாட்டு மணிக்கு முன்பே பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே முப்பத்திரண்டு அடி நீளமுள்ள ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு குடும்பம் நாலு நாள், பத்து நாள் என்று கடலில் தங்கிப் பயணம் போகிற மாதிரியான படகு.

2016-லிருந்து மூன்று வருடம் நான் இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் வேலை பார்த்தேன். அங்கே நம் கல்லூரியின் 1994 செட் அண்ணன் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்குப் படகு ஆசை வந்துவிட்டது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போக வேண்டும். இரண்டு பழைய படகுகளைப் பார்த்து வைத்திருந்தார். "தம்பி, நீ கப்பல் படிச்சவன். எதை வாங்கலாம்னு சொல்லு" என்றார். மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிடுகிற விஷயமா? ஏறப் போவது நாலு உயிர்.

ஒன்று, கான்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்தது. லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் பட்டறையில் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஃபைபரில் வார்த்தது. எழுநூறுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று அதே நீளத்தில் 1980-களில் வந்த வேறொரு படகு. தயாரிப்பாளர் பெயர் இங்கே வேண்டாம். அதன் அகலம் 3.4 மீட்டர், கான்டெஸ்ஸாவுக்கு 2.9 மீட்டர்தான். அந்த அரை மீட்டரில்தான் கதை முழுக்க இருக்கிறது.

முதலில் வேகத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகு தானே எழுப்பும் அலையில் தானே மாட்டிக்கொள்ளும். அந்த எல்லை நீர்க்கோட்டு நீளத்தைப் பொறுத்தது: அடியில் அளந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். கான்டெஸ்ஸாவின் நீர்க்கோடு 24 அடி. ஆக 6.5 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்! மற்றது அரை நாட் கூடுதலாகப் போகும் என்றே வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து செர்பூர் துறைமுகம் ஏறத்தாழ 60 கடல் மைல். சராசரி 5 நாட் என்றால் 12 மணி நேரம், 5.5 என்றால் 11 மணிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவா படகைத் தேர்ந்தெடுப்பது?

அதிலும் காற்றை எதிர்த்துப் போகும்போது வேகமானி காட்டுவது பொய்க் கணக்கு. நேராகக் காற்றுக்குள் எந்தப் பாய்மரமும் போகாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஏற வேண்டும். பக்கவாட்டில் நழுவுவதையும் சேர்த்து, காற்றுத் திசைக்கு 45 டிகிரியில் 4.8 நாட் போகிற படகு உண்மையில் காற்றை நோக்கி முன்னேறுவது 3.4 நாட். 53 டிகிரியில் 5.3 நாட் போகிற படகு முன்னேறுவது 3.2 நாட்தான். 24 மைல் எதிர்காற்றில், 'வேகமான' படகு ஏறத்தாழ அரைமணி பிந்தி வரும். கொசைன் பாடம் நடத்தியபோது தூங்கியவர்கள் கவனிக்கவும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு படகையும் துறைமுகத்தில் பார்க்கப் போனோம். அண்ணி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அகலப் படகில் கால் வைத்தால் அசைவே இல்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், நல்ல சமையல் மேடை, பின்னால் தனி அறை. கான்டெஸ்ஸாவில் ஏறியதும் ஆள் நின்ற பக்கம் சாய்ந்தது. உள்ளே குறுகல், அண்ணன் உயரத்துக்குத் தலை இடித்தது. "இதுல எப்படிப்பா நாலு பேர் தூங்குறது?" என்று அண்ணி கேட்டதில் தப்பே இல்லை.

மூன்றாம் செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் தகர மிதவையை வைத்து மெட்டாசென்ட்ரிக் உயரம் அளப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த உயரம் அதிகமாக இருந்தால் மிதவை விறைப்பாக நிற்கும். அதைப் பெரிதும் தீர்மானிப்பது அகலத்தின் கனம், அதாவது மூன்றாம் அடுக்கு. 3.4-ஐ 2.9-ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.6 வரும். நீளமும் எடையும் ஒன்றாக இருந்தால், அகலம் மட்டும் தருகிற விறைப்பு 60 சதவீதம் கூடுதல். துறைமுகத்தில் கால் வைத்தவுடன் 'ஆடாத, பத்திரமான படகு' என்று தோன்றுவது இதனால்தான். அந்த எண்ணம் முதல் பத்துப் பதினைந்து டிகிரி சாய்வுக்குச் சரி. அதற்கு மேல் அது எதுவுமே சொல்லாது.

மேலே என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு வளைகோடு வேண்டும். படகை 0-விலிருந்து 180 டிகிரி வரை, தலைகீழாகும் வரை, சாய்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு கோணத்திலும் நிமிர்த்தும் விசை எவ்வளவு என்று வரைவது. ஏதோ ஒரு கோணத்தில் அது பூஜ்யமாகும். அதைத் தாண்டினால் படகு நிமிராது. தானே மேலும் கவிழ்ந்து தலைகீழாக நிற்கும். அகலமான, தட்டையான படகு தலைகீழாகவும் விறைப்பாகவே நிற்கும். மேசையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. நம்ம கட்டுமரத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே தண்ணீர் புகுவதற்கு!

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவர வேண்டும். 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல். பந்தயத்தில் வந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் 5 மூழ்கின. முடித்தவை 85. மிகச் சிறிய படகுகள் இருந்த ஐந்தாம் பிரிவில் முடித்தது ஒரே ஒரு படகு: 'அஸென்ட்' என்ற ஒரு கான்டெஸ்ஸா 32.

அந்தப் பந்தயத்தில் 'கிரிமால்கின்' என்று இன்னொரு முப்பதடிப் படகும் இருந்தது. அகலமான, இலேசான, அந்தக் காலப் பந்தய விதிகளுக்கு ஏற்ப வரைந்த வடிவம். அது உருண்டு தலைகீழாகி, சில நிமிடங்கள் அப்படியே நின்றது. அதில் போன இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. விசாரணைக் குழு பிறகு இரண்டு வகைப் படகுகளின் வளைகோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கிரிமால்கின் நிமிரும் சக்தியை இழக்கும் கோணம் ஏறத்தாழ 117 டிகிரி. கான்டெஸ்ஸாவுக்கு ஏறத்தாழ 155.

இந்த இரண்டு எண்ணையும் தலைகீழாக நின்று வாசியுங்கள். 180-ல் கிடக்கிற படகை அடுத்த அலை எவ்வளவு திருப்பிக் கொடுத்தால் அது தானாக எழும்? கான்டெஸ்ஸாவுக்கு 25 டிகிரி போதும். மற்றதற்கு 63 டிகிரி. முதலாவதுக்குப் பின்னாலேயே வரும் சாதாரண அலை போதும். இரண்டாவதுக்கு, கவிழ்த்த அலையைப் போலவே இன்னொன்று வர வேண்டும். அதுவரை உள்ளே இருப்பவர் கூரைமேல் தண்ணீரில். வெளியே இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டிருப்பவர் படகுக்கு அடியில்.

ஒரே ஒரு படகு தப்பியதை வைத்து முடிவு கட்டலாமா என்று ஒரு பேராசிரியர் கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. கட்டக் கூடாதுதான். ஓட்டியவர் திறமை, அதிர்ஷ்டம் எல்லாம் உண்டு. அதனால்தான் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப்சன் பிரிவு தொட்டியில் மாதிரிப் படகுகளை விட்டு, உடையும் அலைகளால் அடித்துப் பார்த்தது. அலை பக்கவாட்டில் அடித்தால், படகு நீளத்தில் 30 சதவீத உயரமே சில வடிவங்களை உருட்டிவிடும். 60 சதவீதம் வந்தால் எந்த வடிவமும் தப்பாது. 9.75 மீட்டர் படகுக்கு அது 3 மீட்டரும் 6 மீட்டருமாகும். ஆக, 'கவிழாத படகு' என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி, கவிழ்ந்த பிறகு என்ன செய்யும் என்பது.

அண்ணன் எங்கிருந்தோ ஒரு சூத்திரம் பிடித்து வந்தார். 1979-க்குப் பிறகு அமெரிக்காவில் உருவானது. படகின் எடையைப் பவுண்டில் போட்டு, 64-ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, அகலத்தை அதால் வகுக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே வந்தால் தேவலை. கான்டெஸ்ஸாவுக்கு 1.79. "பார்த்தியா, பாஸ்!" என்றார். நான் சொன்னேன்: "அண்ணே, கீலில் இருக்கிற இரண்டு டன் பாரத்தைக் கழற்றிப் பாய்மரத்து உச்சியில கட்டுங்க. உங்க சூத்திரம் அப்பவும் 1.79-தான் சொல்லும்." பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதே அதில் இல்லை. சுலபமான எண்களுக்கு எப்போதும் இந்த வியாதி உண்டு. கான்டெஸ்ஸாவின் மொத்த எடை சுமார் 4,300 கிலோ. அதில் 2,040 கிலோ, அதாவது 47 சதவீதம், கீலில். ஒடுங்கிய உடலும் ஆழத்தில் இந்தப் பாரமும் சேர்ந்துதான் 155-ஐத் தருகின்றன. அண்ணி தலை இடித்துக்கொண்ட அந்தக் குறுகலும் அதே காரணத்தின் மறுபக்கம். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

இன்றைக்கு ஐரோப்பிய விதியும் ஐ.எஸ்.ஓ. தரமும் இதைக் கேட்கின்றன. ஆழ்கடலுக்கு ஏ வகைச் சான்று வேண்டுமென்றால் இந்தக் கோணத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு: 4,300 கிலோ படகுக்கு 121 டிகிரி. ஐரோப்பிய விதி கட்டாயமானது 1998-ல். அண்ணன் பார்த்த அகலப் படகு அதற்கு முந்தியது; வளைகோடு எந்தக் காகிதத்திலும் இல்லை.

கடைசியில் இரண்டையும் சாலன்ட் நீரிணையில் ஓட்டிப் பார்த்தோம். காற்று வலுத்தபோது அகலப் படகு சாய்ந்ததும் அதன் அகலமான பின்பக்கம் மேலே எழும்பி, சுக்கான் பாதி வெளியே வந்து, படகு சொன்ன பேச்சு கேட்காமல் காற்றுப் பக்கம் திரும்பியது. கான்டெஸ்ஸா சீக்கிரம் சாய்ந்தது. ஒரு அளவுக்குச் சாய்ந்த பின் அங்கேயே தோளை ஊன்றிக்கொண்டு போனது. ஆனால் மேல்தளம் தாழ்வு. எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். அதையும் மறைக்கக் கூடாது.

திரும்பி வந்து தேநீர்க் கடையில் காகிதத்தில் வளைகோட்டை வரைந்து காட்டினேன். அண்ணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "தம்பி, அந்தப் பெரிய படகு நிமிர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அடுத்த பெரிய அலை வந்து உதைக்கிற வரைக்கும், அண்ணி."

அகலப் படகின் விளம்பரத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கான்டெஸ்ஸாவுக்கு முன்பணம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு முன்பக்கப் படுக்கை, அண்ணனுக்கு நடைவழிப் பக்கத்துப் பலகை. இன்னமும் முதுகு வலி என்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. லேபில் செய்ததையே நிஜப் படகில் செய்து பாருங்கள். கரையோர ஊர்க்காரர்கள், அலையில்லாத கழிமுகத்தில் ஒரு ஃபைபர் படகைக் கேட்டு வாங்குங்கள். எடை தெரிந்த நாலு பேர் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர வேண்டும். தூக்குக்குண்டு நூலில் சாய்வை அளக்க வேண்டும். நகர்ந்த எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி, படகு எடை, சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் மெட்டாசென்ட்ரிக் உயரம். நகர்ந்தவர்களின் எடையையும் படகு எடையோடு சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். மொத்தம் 4,300 கிலோவில் 280 கிலோ 1.2 மீட்டர் நகர்ந்து 5 டிகிரி சாய்ந்தால், 0.9 மீட்டர் வரும். பிறகு 90 டிகிரிக்கு மேல் என்ன ஆகும் என்பதைக் கணினியில் வரையுங்கள். அதை மட்டும் நேரில் சோதிக்க வேண்டாம்.

செயலாளர் இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். மற்ற கேள்விகளைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள்.