இல்லும் உள்ளும்



திருவில்லிபுத்தூரில் ஒரு தாய், பிள்ளை "வீட்டில்" இருக்கிறான் என்கிறாள். அணித்தேயுள்ள இராசபாளையத்தில், தெலுங்கு பேசும் இராசுக்கள் இல்லத்துத் தாயோ "இண்ட்லோ" என்கிறாள். கேட்பார்க்கு இவை தொடர்பற்ற சொற்களாகவே தோன்றும். பகுத்து நோக்கின் உறவு விளங்கும். தெலுங்கில் வீட்டைக் குறிக்கும் 'இல்லு', உருபேற்கையில் 'இண்ட்டி' எனத் திரியும். அவ் 'இல்லு' நம் 'இல்'லே. 'லோ' என்பதும் நம் 'உள்'ளும் ஒருவேர்க் கிளைகள். எனவே, 'இண்ட்லோ' என்பது 'இல்லுள்' என்பதேயாம். உடன்பிறந்தாள் 'உள்'ளை உருபாக்கிக் கொண்டாள். தமிழோ 'இல்'லை உருபாக்கிக் கொண்டது.

ஏழாம் வேற்றுமை வடமொழியினின்று பெற்ற இரவற்பொருள் என்பார் உளர். வேற்றுமைகளை எண்ணி நிறுத்தும் முறையில் ஒப்புமை உண்டு. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் உருபுகள் யாருடையவை? வடமொழியில் 'வனே' என்றால் காட்டில் என்பது பொருள். அவ்வீற்று ஏகாரத்தைப் பிரித்தால் அது தனிச்சொல்லாய் நில்லாது. தமிழிலோ கண், கால், தலை, வாய், முன், மேல், கீழ், உள் என எடுத்தவையெல்லாம் பொருளுடைய சொற்கள். தொல்காப்பியர் கூறியவை 19. நன்னூலார் கூறியவை 28.

சொல் தேய்ந்து உருபாதல் பிறநாட்டிலும் உண்டு. அங்கேரி மொழியில் இன்று 'மேல்' என்னும் பொருளில் ஒட்டி வரும் 'ரா', 1055ஆம் ஆண்டுத் திகானி மடத்து ஆவணத்தில் 'ரேஆ' எனத் தனித்து நிற்கிறது.

இவ்வளமெல்லாம் இருந்தும் இன்று எதற்கும் 'இல்' ஒன்றையே வழங்குகிறோம். "பெட்டியில் தேள்" என்றால் கையை எங்கே வைப்பது? பின்லாந்து மொழியார் உள்ளிடத்திற்கு மூன்றும் புறவிடத்திற்கு மூன்றுமாக ஆறு வேற்றுமைகளைப் போற்றி வழங்குகின்றனர். பெட்டிமேல், பெட்டிக்குள், பெட்டிக்கீழ், பெட்டிப்புறம் எனப் பகுத்துரைக்கும் ஆற்றல் நம் பிள்ளைகட்கும் வேண்டுமன்றோ?

தேர்வுக்கு மட்டும் உருபுகளை ஒப்புவிக்கச் செய்து விடாதீர்கள். அவற்றைப் பேச்சிலும் எழுத்திலும் ஆளப் பழக்குங்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கில் தம் மொழியின் வேரைக் காணவும் கற்பியுங்கள். சொல் வழக்கில் இருந்தால்தான் வாழும். பெட்டியுள் பூட்டிய பொன் யார்க்கும் அணியாகாது!