முல்லை மறுபடி பூக்கட்டும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் இந்த ஆண்டுச் சந்திப்பு என் சொந்த ஊரான குடவாசலில் நடப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. "நீங்க தமிழ் டீச்சர், சங்க இலக்கியம் பேசிடுங்க" என்றார் செயலாளர். நான் பேச வந்தது ஒரு சினிமாப் பாட்டைப் பற்றி. கவலைப்படாதீர்கள், சங்க இலக்கியமும் கட்டாயம் வரும்.

1986-இல் மணிரத்னம் இயக்கி வந்த படம் 'மௌன ராகம்'. கதாநாயகி திவ்யாவாக ரேவதி. அவள் காதலித்தவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிறான். பிறகு வீட்டாருக்காக வேறொருவரைக் கட்டிக்கொண்டு டெல்லி போகிறாள். மனம் ஒட்டவில்லை, விவாகரத்து கேட்கிறாள். ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அந்த ஓராண்டுதான் கதை.

படத்தின் பாடல்கள் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த நம் காவிரிக் கரைக் கவிஞர் வாலி எழுதியவை. இசை இளையராஜா. கணவனுக்காக எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய 'நிலாவே வா' ஓர் அழைப்பு. அதற்கு உடனே பதில் வரவில்லை. அவன் வற்புறுத்தவில்லை, காத்திருக்கிறான். அவள் மனம் மெல்லத் திரும்பிய பிறகு எஸ்.ஜானகி குரலில் வருகிறதே, 'சின்னச் சின்ன வண்ணக்குயில்', அதைத்தான் நான் அந்தப் பதிலாகக் கேட்கிறேன். போனவனைத் திட்டாமல், மறந்துவிட்டதாகப் பொய்யும் சொல்லாமல், ஒரு பெண் மறுபடி சந்தோஷப்படுகிறாள். அவ்வளவுதான் பாட்டு.

அந்தச் சந்தோஷத்தைச் சினிமாவில் பார்த்துக் கைதட்டினேன். நேரில் வந்தபோது தட்டவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எங்கள் தெருவில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். பெயர் வேண்டாம். இருவரும் ஒரே சோழன் பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போனோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். 1984-இல் படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். மறு வருஷமே ஒரு சாலை விபத்தில் கணவர் போய்விட்டார். இருபத்திரண்டு வயதில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவாள்.

1988-இல் அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தார். மறுமணம். தெருவே முணுமுணுத்தது. நானும்தான். "மூணு வருஷத்துல மறந்துட்டாளா?" என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்தாயிற்று. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை, எம்.ஏ. படித்த என் மனசுக்கும் வரவில்லை.

பல வருஷம் கழித்துத் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். காபி கலக்கும்போது அவள் வாய் அந்தப் பாட்டையே முணுமுணுத்தது. "இது வந்தா ரேடியோவை நிறுத்திடுவியேடி?" என்றேன்.

"அவரை மறந்துட்டேன்னு நெனச்சியா? வருஷா வருஷம் அவர் திதியை எனக்கு ஞாபகப்படுத்தறதே இவர்தான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அன்னிக்குக் கூட்டத்துல உன்னைத்தான்டி தேடினேன்" என்றாள். என்னால் காபியைக் குடிக்க முடியவில்லை.

இப்போது சங்க இலக்கியத்துக்கு வருகிறேன். குடவாயில் என்ற நம் ஊரின் பழைய பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர் குடவாயிற் கீரத்தனார். புறநானூற்றில் 242-ஆம் பாட்டு அவருடையது. ஒல்லையூரில் பெருஞ்சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான். துக்கத்தில் ஊரில் யாரும் பூச்சூடவில்லை. அந்த நேரத்திலும் பூத்து நிற்கும் முல்லையைப் பார்த்து, நீயுமா பூத்தாய் என்று கேட்கிறார். முப்பது வருஷமாக வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். துக்கத்தில் இருக்கிறவர் முல்லையிடம் அப்படிக் கேட்கலாம். அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வேடிக்கை பார்க்கிற நாம், பூத்த பெண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கலாமா? நான் கேட்டேன். அது துக்கம் அல்ல, வெறும் பொல்லாப்பு.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலருக்குக் காதல் முறியும். சிலருக்கு அதைவிடப் பெரிய இழப்பும் வரலாம். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். நாம் டெல்டாக்காரர்கள். தண்ணீர் வராமல் குறுவை போனாலும் சம்பாவுக்கு நாற்று விடுகிறோம். போன குறுவையை மறந்துவிட்டா விடுகிறோம்?

உங்கள் தோழி மறுபடி சிரிக்கத் தொடங்கினால், அவள் வீட்டுப் பத்திரிகை வந்தால், தயவுசெய்து போய் முன்வரிசையில் உட்காருங்கள். கூட்டத்தில் அவள் உங்களைத் தேடுவாள்.