சொல்லிவிட்டுப் போங்கள்

(பனியன் தொழிலாளர் குடியிருப்பில் நடந்த மாதர் கூட்டத்தில் பேசியது)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று 3 வயதுப் பிள்ளையின் அழுகையைப் பற்றிப் பேசுவோம். இதென்ன அற்ப விஷயம் என்று பின்னால் நிற்கும் ஆண் தோழர்கள் நினைக்கலாம். அவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும், பிள்ளை அவர்களுடையதுந்தான்.

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அங்கன்வாடி வாசலில் நாம் காண்பதென்ன? பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறது. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. 'அதோ பார், காக்கா!' என்று காட்டிவிட்டுத் தாய் சந்து வழியாக நழுவுகிறாள். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, அம்மாவைக் காணோம். மறுநாள் முதல் அவள் கொல்லைப்பக்கம் போனாலும் பின்னாலேயே ஓடுகிறது. இதைப் பிடிவாதம் என்கிறோம். பிடிவாதமா இது? கண்ணை மூடித் திறப்பதற்குள் அம்மா மறைந்துவிடுவாள் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

'இரண்டு நாள் அழும், அப்புறம் அடங்கிவிடும்' என்பார்கள். அடங்கிய பிள்ளையெல்லாம் தேறிய பிள்ளை அல்ல. 1952-ம் ஆண்டில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூக ஊழியர் ஒரு படம் எடுத்தார். ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் விடப்பட்ட 2 வயதுப் பெண் குழந்தையைப் பற்றிய படம். அது அதிகம் அழவில்லை. சமர்த்து என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் தாய் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கையைப் பிடிக்க மறுத்தது. படத்தைப் பார்த்த டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்தது. என்றாலும், பெற்றோர் குழந்தையைத் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று 1959-ல் அந்நாட்டின் பிளாட் கமிட்டி சிபாரிசு செய்தது.

ஆகவே நழுவாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். '5 மணிக்கு வருவேன்' என்றால் பிள்ளைக்கு என்ன தெரியும்? 'சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் பாட்டி வருவாள்' என்று சொல்லுங்கள். யார் வருவதாகச் சொன்னீர்களோ அவரே வரவேண்டும். அழுதால் அழட்டும், 'அம்மா போறது கஷ்டமா இருக்கா கண்ணு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா', 'பூச்சாண்டி பிடிச்சுக்குவான்' என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். வீட்டிலும் அப்படித்தான். விளையாடும் பிள்ளையைக் குளிக்கத் தரதரவென்று இழுக்காமல், 'இன்னும் 2 தடவை பந்து போடு, அப்புறம் குளியல்' என்று முன்கூட்டிச் சொல்லிப் பாருங்கள். எல்லா நாளும் பலிக்காது. பாதி நாள் பலித்தாலும் லாபமே.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. புதிதாகச் சேர்ந்த பிள்ளையோடு முதல் வாரம் தினம் சற்று நேரமாவது வீட்டார் ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஒருவர் தந்தையாக ஏன் இருக்கக் கூடாது? 2017-ல் பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். இங்கே எத்தனை பேர் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள், பார்ப்போம்.

பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கும் முதல் வாரத்தில் கால்மணி தாமதமானால் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், ஆண் தோழர்களும்.