பரண்ல கிடக்கிற லேப்டாப்பை எடுங்க

(மாதக் கூட்டத்தில் குழுக் கணக்காளர் ஒருவர் பேசியது)



2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்துல நம்ம புள்ளைங்க வாங்கினது பல வீட்டுப் பரண்ல கிடக்குது. எங்க குழுக் கணக்கு அப்படி ஒரு லேப்டாப்புலதான் ஏறுது. ஆனா கடன் கணக்கைத் திறக்கறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிரலாம். காரணம், அதுல மெமரி 2 ஜி.பி. தான்.

மெமரின்னா நம்ம ஊரு தேங்காய்க் களம் மாதிரி. குடோன் எவ்வளவு பெரிசா இருந்தாலும் களம் சின்னதுன்னா கொஞ்சம் பருப்புத்தான் காயப் போட முடியும். ஹார்டு டிஸ்க் குடோன், மெமரி களம். களத்தை நாமளே பெரிசு பண்ணலாமுங்க.

நான் முதல் தடவை கடையில "லேப்டாப் மெமரி குடுங்க"ன்னு மட்டும் கேட்டேன். வந்தது டி.டி.ஆர்.4. எங்களுக்கு வேண்டியது டி.டி.ஆர்.3. ரெண்டுக்கும் வெட்டு வேற வேற இடத்துல இருக்கும். தெரியாம அழுத்தி, கொக்கியை ஒடைச்சுப் போட்டேன். குழுப் பணமாச்சே! அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லி, என் கையிலிருந்து கட்டினேன். நல்லவேளை, சொருக இன்னொரு இடம் இருந்துச்சு.

அதனால பழைய அட்டையைப் போட்டோ எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்க. பிசி3எல் என்று எழுதியிருந்தா அதையே கேளுங்க. அது 1.35 வோல்ட், எல் இல்லாதது 1.5 வோல்ட்.

கழட்டும் முன்னே கணக்கைப் பென்டிரைவில் எடுத்து வைங்க. ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டிட்டு, பவர் பட்டனைப் பதினைஞ்சு விநாடி அழுத்துங்க. மிச்ச கரண்ட் போயிரும்.

நைலான் சேலையைக் கழட்டும்போது படபடன்னு பொறி வருதில்ல? அதுல பாதி இருந்தாலே அட்டை போச்சு. நம்ம காய்ஞ்ச காத்துல இது இன்னும் அதிகம். பருத்திச் சேலை கட்டிக்கோங்க, வளையலைக் கழட்டுங்க, இரும்புத் தண்ணிக் குழாயை ஒரு தடவை தொட்டுட்டு உட்காருங்க. அட்டையை ஓரத்துல மட்டும் பிடிங்க, தங்க நிறப் பல்லுல விரல் படக் கூடாது.

அடி மூடியோட ஸ்குருவை ஒரு கிண்ணத்துல போடுங்க. அட்டையைச் சாய்வா, பல்லு மறையற வரைக்கும் சொருகி, கீழே அமுக்கினா ரெண்டு கொக்கியும் 'டிக்'குன்னு பிடிக்கும். போட்டும் திரை வரலையா? பயப்படாதீங்க. திரும்ப அணைச்சு, பேட்டரியைக் கழட்டி, அட்டையை எடுத்துச் சொருகுங்க. பெரும்பாலும் சரியா உட்காராததுதான்.

இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப் பலதுல மெமரியைப் பத்த வெச்சே விட்டுடறாங்க. அதைத் திறக்காதீங்க.

எங்க லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கேன். டீ குடிச்சிட்டு வாங்க, கழட்டிக் காட்டறேன்.