எங்கே, எப்போது, எவ்வளவு?



பட்டமளிப்பு மேடை என்றால் அறிவுரை எதிர்பார்ப்பீர்கள். நான் பருத்தியைப் பற்றிப் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

பருத்திப் பூ மலர்ந்த அன்று வெளிர்மஞ்சளாக இருக்கும், மறுநாள் சிவந்துவிடும். மலரும் நாளிலேயே, உள்ளே சூலின் மேல்தோலில் சில செல்கள் புடைத்துக் கிளம்புகின்றன. அவை ஒவ்வொன்றும்தான் ஓர் இழை. ஏறத்தாழ மூன்று வாரம் அந்த ஒற்றைச் செல் நீள்கிறது; பிறகு அதன் உட்சுவரில் செல்லுலோஸ் படிகிறது. செல்லை நீட்டுவது உள்ளே தேங்கும் நீரின் அழுத்தம். அந்த வாரங்களில் மழை பொய்த்தால் இழை குட்டையாகிவிடும். ஆகவே வறட்சி விவசாயியின் கவலை, இழைத்தரம் ஆலைக்காரரின் கவலை என்று பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒரே செல்லுக்குள் நடக்கும் சங்கதி.

கோவையில் உருவாகி 1974-இல் வெளிவந்த சுவின் ரகம் உங்களுக்குத் தெரியும். 120-ஆம் நம்பர் நூல் நூற்கும் அளவுக்கு நீண்ட இழை. ஆனாலும் வயதோ அதிகம், மகசூலோ குறைவு. விவசாயிகள் மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். இழை மட்டும் நன்றாக இருந்தால் போதாது.

தரம், மகசூல், வறட்சி மூன்றும் பின்னிய இந்த முடிச்சை மரபணுப் பொறியியல் அவிழ்க்குமா? 2011-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள். ஒன்று, அமெரிக்காவில் நிலத்தடி நீர் வற்றிவரும் லபக் பகுதியில், டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அரபிடாப்சிஸ் செடியின் ஏவிபி1 மரபணுவைப் பருத்தியில் சேர்த்தார்கள். அது உருவாக்கும் புரதம், செல்லில் நீர் தேங்கும் வாக்குவோலுக்குள் புரோட்டான்களைத் தள்ளும் பம்பு. அந்தச் செடிகள் வறட்சியையும் உப்பையும் கூடுதலாகத் தாங்கின. மானாவாரி வயலில் குறைந்தது 20 சதவீதம் கூடுதல் இழை தந்தன.

மற்றொன்று சீனாவின் சோங்சிங் நகரில் நடந்தது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கும் பாக்டீரியா மரபணு ஒன்றை எடுத்தார்கள். ஆக்சின் செடி முழுவதும் மிகுந்தால் செடியே கோணலாகிவிடும். அதனால் பெட்டூனியா செடியின் மரபணு இயக்கி ஒன்றைப் பொருத்தி, சூலின் மேல்தோலில், இழை கிளம்பும் சமயத்தில் மட்டும் ஆக்சின் சுரக்கும்படி செய்தார்கள். நான்கு ஆண்டு வயல் சோதனையில் பஞ்சு மகசூல் 15 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது, இழையும் மெல்லியதானது. வெற்றி தந்தது மரபணு மட்டுமல்ல. அது எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று வகுத்த கணக்கு.

அந்தக் கணக்கு வயலில் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே கண்டது. 2002-இல், புழுவை எதிர்க்கும் மரபணு சேர்த்த பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 450 கிராம் விதைப் பாக்கெட்டோடு, ஓரத்தில் விதைக்க 120 கிராம் பிடி அல்லாத விதையும் கொடுத்தார்கள். அங்கே வளரும், பிடி நச்சுக்கு எதிர்ப்பற்ற புழுக்கள் மற்றவற்றோடு கலந்து, எதிர்ப்புத் தன்மை பரவுவதைத் தள்ளிப்போடும். பலர் அந்தச் சிறு பாக்கெட்டை விதைக்கவே இல்லை. ஓரத்தில் வரிசையை விட்டுக்கொடுத்தால் நஷ்டம் என்று நினைத்த விவசாயியை எப்படிக் குறை சொல்வது? ஏன் விதைக்க வேண்டும் என்று அவர் வரப்பில் நின்று சொன்னவர்கள் எத்தனை பேர்? நீண்ட நாள் வயலில் நின்ற கலப்பினங்களும் புழுவுக்குச் சாதகமாகின. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்பு காய்ப்புழு முதல் பிடி மரபணுவை வென்றது தெரியவந்தது. சில ஆண்டுகளில், அதற்குத் துணையாகச் சேர்த்த இரண்டாவது பிடி மரபணுவையும் வென்றது.

அன்பு மாணவர்களே, உங்களில் சிலர் ஆய்வுக்கூடத்துக்கும், சிலர் விதை நிறுவனத்துக்கும், சிலர் வேளாண்மைத் துறைக்கும் போவீர்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் தொட்டியில் கிடைத்த வெற்றியை மானாவாரிக் கரிசலில் சோதிக்காமல் கைதட்டல் வாங்காதீர்கள். விதை விற்பவர்கள் பிடி அல்லாத விதையின் நியாயத்தையும் விளக்கியே விற்பனை செய்யுங்கள். விரிவாக்கப் பணிக்குப் போகிறவர்கள் விவசாயி கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொண்டு ஆய்வாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மூவரும் ஒருவரை ஒருவர் தேடிப் பேசிக்கொண்டால்தான் அடுத்த பருத்தி நீடித்து நிற்கும்.

உங்கள் உழைப்பு செழிக்கட்டும்.