நடுவில் இருப்பது யார்?

(திருக்குடும்பத் திருவிழா – வானொலி அருளுரை)



இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் கொலோசை நகர மக்களுக்கு ஆடை உடுத்தச் சொல்லித் தருகிறார். இரக்கம், பரிவு, மனத்தாழ்மை, பொறுமை என்று ஒவ்வொன்றாக உடுத்தச் சொல்கிறார். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பை உடுத்துங்கள், எல்லாவற்றையும் பிணைக்கும் கட்டு அதுதான் என்கிறார். பிணைப்பு என்றால் என்ன? இந்த மார்கழி வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிந்திப்போம்.

நம் நாட்டுத் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் பட்டப்பகலில் வானத்தைக் கைகாட்டி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். மணமக்களும் தலையாட்டிவிடுவார்கள். உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டால், இந்த நாள்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. எங்கள் பங்கு இல்லத்து முற்றத்தில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதில் பார்த்த பீடச்சிறுவன் ஒருவன், "சாமி, வசிட்டரே ரெண்டு பேரா இருக்காரு!" என்று கத்திவிட்டான். உண்மைதான். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வசிட்டர் ஓர் இரட்டை விண்மீன்.

நம் ஜவ்வாது மலைக்கு வானம் புதிதல்ல. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று, விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகளின் திருநாளன்றே, நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1689 டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது தென்வானில் பளிச்சென்று ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது நம் தமிழ் மண்ணில்.

வானத்தில் அருகருகே தெரிவதெல்லாம் இரட்டை ஆகிவிடாது. ஒன்று அருகிலும் மற்றது அதற்கு வெகு பின்னாலும் இருந்து, நம் பார்வைக்கு மட்டும் சேர்ந்து தெரிவதும் உண்டு. ஆனால் சில சோடிகள் ஈர்ப்பினால் கட்டுண்டு ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை 1803-இல் வில்லியம் ஹெர்ஷல் எடுத்துக்காட்டினார். நம் வீடுகளிலும் இந்த வேறுபாடு உண்டு. ஒரே கூரை, ஒரே குடும்ப அட்டை, ஆனால் பிணைப்பு இல்லை என்றால், அது பார்வைக்கு மட்டுமே குடும்பம்.

ரிஷோ கண்ட அந்தச் சோடி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மனித ஆயுள். அந்தப் பாதை சரியான வட்டமும் இல்லை. 1955-இல் அவை மிக நெருங்கி இருந்தன. பிறகு விலகத் தொடங்கி, 1995 வாக்கில் முன்னிருந்ததைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குப் போயின. இப்போது திரும்பி நெருங்கி வருகின்றன. 2035-இல் மறுபடியும் மிக அருகில் வரும். நாற்பது ஆண்டுகள் விலகிப் போயும் அவை பிரிந்து போகவில்லை.

நம் மலையிலிருந்து எத்தனை ஆண்கள் கூலிவேலைக்காகக் கீழே இறங்கி, மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கிறார்கள்! எத்தனை பெண்கள் தனியாகப் பிள்ளைகளையும் காட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள்! தூரம் பாவமல்ல. கட்டு அறுந்துவிட்டதா என்பதே கேள்வி.

இரட்டை விண்மீன்களில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது மட்டும் அதைச் சுற்றி வருவதில்லை. பெரியதும் நகர்கிறது, சிறியதும் நகர்கிறது. 'நான் குடும்பத் தலைவன், எல்லாரும் என்னைச் சுற்றி வரட்டும்' என்பவருக்கு இங்கே இடமில்லை. சில சோடிகளில் ஒன்று மற்றதன் பொருளையே இழுத்து உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. மனைவியின் கூலியைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, தட்டிக்கேட்டால் அடிப்பதை அன்பின் கட்டு என்று யாரும் சொல்லக்கூடாது. அதைப் பொறுத்துக்கொள் என்று பவுலடியாரின் பெயரால் ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்லவும் கூடாது. பொறுத்துக்கொள்ளவும் மன்னிக்கவும் சொல்லும் அதே வாசகம், மனைவியிடம் கொடுமை காட்டாதே என்று கணவனுக்கும் கட்டளையிடுகிறது.

அப்படியானால் இரண்டும் எதைச் சுற்றி வருகின்றன? இரண்டுக்கும் பொதுவான ஒரு நடுப்புள்ளியை. ஆல்ஃபா சென்டாரியில் அந்தப் புள்ளி இந்த விண்மீனிலும் இல்லை, அந்த விண்மீனிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத வெளியில் இருக்கிறது. ஆனாலும் இரண்டின் பாதையும் அதைச் சுற்றியே அமைகிறது.

நாசரேத்து வீட்டைப் பாருங்கள். தன் மானத்தை நடுவில் வைத்திருந்தால், யோசேப்பு மரியாவை மறைவாக விலக்கிவிட்டுப் போயிருப்பார். தன் திட்டத்தை நடுவில் வைத்திருந்தால், மரியா வானதூதரிடம் 'ஆகட்டும்' என்று சொல்லியிருக்கமாட்டார். கடவுளின் விருப்பம் நடுவில் இருந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள். பெத்லகேமுக்கும், எகிப்துக்கும், திரும்ப நாசரேத்துக்கும் அதனால்தான் சேர்ந்தே போனார்கள்.

அன்பர்களே, இன்றிரவு ஒன்று செய்யுங்கள். வெளியூரில் இருப்பவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பணம், கடன், பள்ளிக் கட்டணம் எல்லாம் பேசி முடித்தபின், இணைப்பைத் துண்டிக்கும் முன் இயேசு கற்பித்த செபத்தை இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருப்பவர்களும் அதையே செய்யலாம். முதல் நாள் வாய் வராது. பரவாயில்லை, மறுநாளும் சொல்லுங்கள்.

விண்மீன்களை எண்ணி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர் உங்கள் இல்லங்களின் நடுவில் தங்குவாராக. ஆமென்.